விமானி இறங்கிய பிறகும் பறந்த விமானம்

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மதியம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம், நார்த் சார்ல்ஸ்டன். ஒரு வீட்டிலிருந்து 911 அவசர எண்ணுக்கு அழைப்பு போகிறது. எங்கள் வீட்டில் ஒரு விமானி இருக்கிறார், பாராசூட்டில் வந்து பின்பக்கத் தோட்டத்தில் இறங்கியிருக்கிறார், ஆம்புலன்ஸ் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்று வழக்கமான கேள்வியைக் கேட்கிறார். 2,000 அடி இருக்கும் என்று பதில் வருகிறது. அப்புறம் விமானியே போனை வாங்கிப் பேசுகிறார். ராணுவ விமானம் ஒன்று விழுந்துவிட்டது, அதை ஓட்டியவன் நான்தான், விமானம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறார். வயது 47. முதுகு மட்டும் வலிக்கிறதாம்.

அவர் வெளியேறியது எஃப்-35பி. செங்குத்தாக இறங்கக்கூடிய, ரேடார் கண்ணுக்கு எளிதில் சிக்காத அமெரிக்கப் போர் விமானம். 2025 ஜூனில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, ஒரு மாதத்துக்கு மேல் கிளம்ப முடியாமல் நின்றதே, அதே ரகம். கேரளா சுற்றுலா மீம்களெல்லாம் நினைவிருக்கும்.

அன்று மாலை சார்ல்ஸ்டன் ராணுவத் தளம், விமானத்தைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சமூக ஊடகத்தில் தொலைபேசி எண்ணோடு ஓர் அறிவிப்புப் போட்டது. ஊரே சிரித்தது. நாய்க்குட்டியைத் தேடுவது போல விமானத்தைத் தேடும் போஸ்டர்கள் இணையத்தில் சுற்றின. எஃப்-35 விமானத்தைக் கூடவா தொலைப்பார்கள் என்று அந்த மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் நான்சி மேஸ் கடுப்பாகக் கேட்டார். மறுநாள்தான் சிதைவுகள் கிடைத்தன, வடகிழக்கே வில்லியம்ஸ்பர்க் மாவட்டத்துக் காட்டுப் பகுதியில்.

சிரிப்பு அடங்கியதும் மிஞ்சிய கேள்வி கொஞ்சம் கனமானது. அந்த விமானம் ஆளில்லாமல் 11 நிமிடம் 21 விநாடி பறந்திருக்கிறது. 64 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 118 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம். விமானி விட்டுப்போன உயரம் சுமார் 1,900 அடி. அவர் போன பிறகு அது 9,300 அடி வரை ஏறி, பிறகு மெதுவாகத் தாழ்ந்து, மரங்களின் தலையை உரசி விழுந்தது. இவ்வளவு நேரம் தானாகப் பறக்க முடிந்த விமானத்தை விட்டு அவர் ஏன் வெளியே வந்தார்?

இந்த மாதிரிச் செய்திகளில் "விமானி உயிர் தப்பினார்" என்ற வரியோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. உயிர் தப்பியவருக்கு விவகாரம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்று இரண்டு விமானங்கள் சேர்ந்து பயிற்சிப் பறப்பில் இருந்தன. மழை, தாழ்ந்த மேகம். வெளியே பார்த்து இறங்க முடியாது, கருவிகளைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். எஃப்-35பி செங்குத்தாகவோ மிக மெதுவாகவோ இறங்க வேண்டுமானால் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். விமானிக்குப் பின்னால் முதுகுப் பக்கத்துக் கதவு திறந்து உள்ளேயிருக்கும் பெரிய விசிறி சுழலத் தொடங்கும். வால்பக்கப் புகைவாய் கீழ்நோக்கி மடங்கும். மறுபடி சாதாரணப் பறத்தலுக்கு மாற இதெல்லாம் மூட வேண்டும். ஒரே நொடியில் நடக்கிற வேலையில்லை. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த கட்டத்தில்தான் விமானத்துக்குள் மின்சாரக் கோளாறு ஏற்பட்டது. முதன்மை ரேடியோக்கள் போயின. தரையிலுள்ள ரேடாருக்குத் தன்னை அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் போனது. இறங்குவதற்கு வழிகாட்டும் கருவிகள் போயின. இவையெல்லாவற்றையும்விட மோசமானது, தலைக்கவசத் திரை அணைந்தது.

மற்ற போர் விமானங்களில் விமானியின் கண்ணுக்கு நேரே ஒரு கண்ணாடித் தகட்டில் வேகம், உயரம், அடிவானக் கோடு எல்லாம் தெரியும். எஃப்-35இல் அந்தத் தகடே கிடையாது. எல்லாவற்றையும் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடி மேலேயே காட்டுகிறார்கள். முன்னால் ஒரு பெரிய தொடுதிரை, அவ்வளவுதான். இரண்டும் போனால் மிஞ்சுவது கீழே இருக்கும் சின்ன மாற்றுக் கருவி. அந்தத் தலைக்கவசத் திரையும் பெரிய திரையும் குறைந்தது மூன்று தடவை வேலை செய்யாமல் போயிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. போய், வந்து, மறுபடி போய். என்னைக் கேட்டால் ஒரேயடியாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை; கண் சின்னக் கருவிக்குப் போய் அங்கேயே நின்றிருக்கும். விட்டுவிட்டு வருவதுதான் ஆளைக் குழப்பும்.

மேகத்துக்குள் கண்ணை நம்ப முடியாதபோது உடம்பு காதை நம்பும். உட்காதில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பத் தொடங்கும்போது அந்தத் திரவம் பின்தங்குவதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. ஒரே சீராக நீண்ட நேரம் திரும்பினால் திரவம் குழாயின் வேகத்தைப் பிடித்துவிடும். நேராகப் போவது போலவே இருக்கும். வேகம் கூடினால் மூக்கு மேலே தூக்குவது போலவும், வேகம் குறைந்தால் தலைகுப்புறக் கவிழ்வது போலவும் தோன்றும். அனுபவத்தால் இதை ஒழிக்க முடியாது. கருவியைப் பார்த்து, உடம்பு சொல்வதை மறுக்கப் பழகலாம், அவ்வளவே. பார்க்க வேண்டிய கருவியே கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கமும் கைகொடுக்காது.

இந்த நிலையில் அவர் தன்னை வெளியே வீசும் இருக்கையின் கைப்பிடியை இழுத்தார். எஃப்-35பியில் விமானி இழுக்காமலே இருக்கை தானாக அவரைத் தூக்கி எறியும் ஏற்பாடும் உண்டு. செங்குத்தாக இறங்கும்போது விசிறி நின்றுபோனால் விமானம் கவிழ்கிற வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது என்பதற்காக வைத்தது. சோவியத்தின் யாக்-38இல் இதே யோசனை முன்பே இருந்தது. முதலில் அதுதான் வேலை செய்திருக்கும் என்று பலர் ஊகித்தார்கள். இல்லை, அவரேதான் இழுத்திருக்கிறார் என்று விசாரணை சொன்னது.

அந்த இருக்கை பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் செய்தது. நிறுவனத்தின் கதையும் ஒரு சாவில்தான் திரும்புகிறது. ஜேம்ஸ் மார்ட்டினும் விமானி வாலன்டைன் பேக்கரும் சேர்ந்து விமானங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1942இல் தங்களுடைய எம்.பி.3 விமானத்தை ஓட்டிப் பார்க்கையில் பேக்கர் இறந்தார். பிறகு மார்ட்டினின் கவனம் விமானிகளைக் காப்பாற்றுவதில் போயிற்று. 1946இல் அவர்களிடம் வேலை பார்த்த பெர்னார்ட் லிஞ்ச் பறக்கும் விமானத்திலிருந்து தன்னையே சுட்டு வெளியேற்றிப் பரிசோதித்தார். இன்று வரை 7,700க்கும் மேற்பட்ட உயிர்களைத் தங்கள் இருக்கைகள் காப்பாற்றியதாக நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அப்படித் தப்பியவர்களுக்கென்று 'டை கிளப்' என்று ஒரு சங்கம்கூட நடத்துகிறார்கள். சேர வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

கால்களுக்கு நடுவே உள்ள கைப்பிடியை இழுத்த கணத்தில் தோள்பட்டை வார்கள் உடம்பைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டவைக்கும். மேலே உள்ள கண்ணாடி மூடி, அதில் பதித்திருக்கும் வெடிநூலால் பிளந்து சிதறும். இருக்கைக்குப் பின்னால் உள்ள வெடிக்குழாய் அதைத் தண்டவாளம் போன்ற சட்டத்தில் மேலே உந்தும். வெளியே வந்ததும் அடியில் உள்ள ராக்கெட் பற்றிக்கொள்ளும். காற்று கைகால்களைப் பிய்த்துவிடாமலிருக்க வார்கள் அவற்றைப் பிடித்திருக்கும். சின்னப் பாராசூட், பிறகு பெரிய பாராசூட், பிறகு இருக்கை தனியே கழன்று விழும். எல்லாம் மூன்று விநாடிக்குள்.

இதில் உடம்பு படுகிற பாடு லேசானதில்லை. புவியீர்ப்பைப் போல 12 முதல் 14 மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், முதுகெலும்பு வழியாக மேல்நோக்கி வரும். 75 கிலோ ஆள் அந்தக் கணத்தில் ஒரு டன் எடை இருப்பார். தப்பியவர்களிடம் முதுகெலும்பு முள்ளெலும்பு நசுங்கிய காயம் சாதாரணம். எஃப்-35இன் இருக்கையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. தலைக்கவசம் கனமானது என்பதால் மெலிந்த விமானிகளின் கழுத்து தாங்காது என்று தெரியவந்து, 2015இல் 136 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 62 கிலோவுக்குக் குறைந்தவர்கள் அதை ஓட்டக் கூடாது என்று தடுத்தார்கள். தலைக்கவசத்தை இளைக்க வைத்து, தலையைத் தாங்க ஒரு துணிப்பட்டை சேர்த்து, எடைக்கேற்ற ஒரு சுவிட்சும் வைத்த பிறகு 2017இல்தான் தடை நீங்கியது. அந்த 911 அழைப்பில் முதுகு மட்டும் வலிக்கிறது என்று அவர் சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, இவ்வளவு நம்பகமான இருக்கை இருக்கும்போது விமானிகள் ஏன் சாகிறார்கள்? பெரும்பாலும் இழுக்கத் தாமதித்ததால். தரையில் நின்றிருக்கும் விமானத்திலிருந்துகூட இந்த இருக்கை ஆளைக் காப்பாற்றும். ஆனால் விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் அந்த வேகமும் ஆளோடு சேர்ந்தே வரும். கவிழ்ந்திருந்தால் ராக்கெட் அவரைத் தரையை நோக்கியே தள்ளும். 1,900 அடி என்பது 580 மீட்டர். விநாடிக்கு 100 மீட்டர் வீதம் விழுந்துகொண்டிருந்தால் ஆறு விநாடிகூட இல்லை. அதில் பாராசூட் விரிய மூன்று போய்விடும். மீதி மூன்றில் யோசிக்க வேண்டும். அதனால்தான் எஃப்-35பியின் கையேடு விமானியை யோசிக்கவே விடுவதில்லை: 6,000 அடிக்குக் கீழே விமானம் கட்டுப்பாட்டை இழந்தால் வெளியேறு. கட்டுப்பாடு இழப்பது என்றால் என்ன? விமானியின் கட்டளைகளுக்கு விமானம் சரியாகப் பதிலளிக்காமல் போவது.

2024 அக்டோபர் 31 அன்று வெளியான விசாரணை அறிக்கை விமானியின் தவறு என்றே சொன்னது. விமானம் பறக்கக்கூடிய நிலையில் இருந்தும் அதை அவர் கட்டுப்பாட்டை இழந்ததாகத் தவறாகக் கணித்தார். அவர் கொடுத்த கட்டளைகளை விமானம் நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தது. மாற்றுக் கருவி சரியான தகவலைக் காட்டிக்கொண்டிருந்தது. மாற்று ரேடியோவும் ஓரளவு வேலை செய்தது. போதாக்குறைக்கு, அவர் போன பிறகும் அது நெடுநேரம் பறந்தது. நஷ்டம் 13.62 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,100 கோடி ரூபாய். கீழே யாருக்கும் காயமில்லை; மரங்களும் பயிரும் சேதமானதோடு சரி.

கையேட்டில் கட்டுப்பாடு இழப்புக்கான வரையறை மிகவும் அகலமாக இருந்ததும் இதற்குத் துணைபோனது என்று அதே விசாரணை ஒப்புக்கொண்டது. எனக்கு இதுதான் முக்கியமான வரி. விமானம் உன் பேச்சைக் கேட்கவில்லை என்று தோன்றினால், தரை பக்கத்தில் இருந்தால், வெளியேறு என்று எழுதிவைத்தது கையேடுதான். அவருக்கு அப்படித் தோன்றியது. வெளியேறினார்.

அவர் போன பிறகும் விமானம் பறந்ததை அவருக்கு எதிரான சாட்சியாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எஃப்-35இன் கணினி, விமானி கையை எடுத்துவிட்டால் விமானம் எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. நேராகப் போனால் நேராகவே, ஏறினால் ஏறியபடியே. விமானி மயங்கிவிட்டாலோ திசை குழம்பினாலோ காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு என்று, விமானத்துக்குச் சொந்தக்காரரான அமெரிக்க மரைன் படையே சொன்னது. டிரான்ஸ்பாண்டர் போய்விட்டதால், தன் பெயரைச் சொல்லாத ஒரு புள்ளியாகத்தான் அதைத் தரைக் கட்டுப்பாட்டாளர்கள் தேட வேண்டியிருந்தது. ரேடாருக்குத் தெரியாதபடி கட்டிய விமானம் வேறு. அது தாழ்ந்து ரேடார் எல்லைக்குக் கீழே போனதும் அந்தப் புள்ளியும் இல்லை.

ஆளில்லாமல் பறந்த விமானம் இது முதலாவதும் இல்லை. மார்ட்டின்-பேக்கர் இருக்கையைப் பயன்படுத்தி முதன்முதலில் ஓர் ஆபத்தில் தப்பியவர் ஜோ லங்காஸ்டர், 1949 மே 30 அன்று, ஏ.டபிள்யூ.52 என்ற வாலில்லாத சோதனை விமானத்திலிருந்து. பயங்கரமாக அதிரத் தொடங்கியதால் வெளியேறினார். அவர் போனதும் அதிர்வு நின்று, விமானம் மிதந்து வந்து வயல்வெளியில் இறங்கியது. 1970 பிப்ரவரியில் மொன்டானா மாநிலத்தில் ஓர் எஃப்-106 போர் விமானம், மூக்கு தாழாமல் தட்டையாகச் சுழன்றபடியே விழும் தட்டைச் சுழலில் மாட்டிக்கொண்டது. விமானி கேரி ஃபவுஸ்ட் வெளியேறினார். இருக்கை பறந்த உந்துதலும் எடை மாறியதும் சுழலை உடைத்துவிட்டன. விமானம் நிமிர்ந்து பனி மூடிய வயலில் வயிற்றால் வழுக்கி இறங்கியது, எஞ்சின் ஓடியபடியே. பாராசூட்டில் தொங்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபவுஸ்ட். எரிபொருள் தீரும் வரை அது பனியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததாம். பழுதுபார்த்து மறுபடி படையில் சேர்த்தார்கள். இப்போது ஓஹையோவிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவை வேடிக்கையாகச் சொல்லக்கூடிய கதைகள். 1989 ஜூலை 4 அப்படியல்ல. போலந்தின் கடற்கரையோரத் தளத்திலிருந்து கிளம்பிய சோவியத் மிக்-23 ஒன்றில், கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் வலு குறைந்தது. விமானி நிகோலாய் ஸ்குரிடின் வெளியேறினார். தரைக்கு மிகப் பக்கம். கையேட்டுப்படி சரியான முடிவு. எஞ்சினோ மறுபடி பிடித்துக்கொண்டது. விமானம் ஏறி, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து என்று எல்லைகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அமெரிக்க எஃப்-15கள் கிளம்பிப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் உள்ளே ஆளும் இல்லை, மேல்மூடியும் இல்லை. மக்கள் வாழும் பகுதிக்கு மேல் சுட்டு வீழ்த்தவும் தயக்கம். சுமார் 900 கிலோமீட்டர் வந்த பிறகு எரிபொருள் தீர்ந்து, பெல்ஜியத்தில் கோர்ட்ரைக் அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. வீட்டில் இருந்த ஓர் இளைஞர் இறந்தார். சோவியத் தரப்பு உரிய நேரத்தில் தகவல் சொல்லவில்லை என்று பெல்ஜியம் கோபப்பட்டது. எஃப்-35பியின் 11 நிமிடத்தை நினைத்தால் இந்த வீடுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. வில்லியம்ஸ்பர்க்கில் கீழே காடு இருந்தது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் விதி எழுத முடியாதுதான். ஆனால் மேகத்துக்குள் திரை அணைந்த நிலையில், தான் போன பிறகு விமானம் எங்கே விழும் என்று கணக்குப் போட விமானிக்கு வழி ஏது?

தென் கரோலினா விமானி கர்னல் சார்லஸ் டெல் பிட்சோ சாதாரண ஆளில்லை. பல ஆண்டுகள் பறந்தவர். விபத்துக்குப் பிறகும் படை அவரை நம்பியது. புதிய உத்திகளையும் கருவிகளையும் சோதிக்கும் விஎம்எக்ஸ்-1 என்ற முக்கியப் பிரிவுக்கு 2024 ஜூனில் தளபதியாக்கினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில், அறிக்கையைப் பரிசீலித்த பிறகு, அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இடையில் புதிதாக அவர் எதுவும் செய்யவில்லை. இந்தச் செய்தியை மற்ற விமானிகள் எப்படிப் படிப்பார்கள் என்பதுதான் என் கவலை. தாமதத்தால் சாகிற தொழிலில், இன்னும் ஒரு விநாடி பார்க்கலாம் என்ற எண்ணத்தைக் கொடுக்கிற எதுவும் ஆபத்தானது.

2025 ஜனவரி 28 அன்று அலாஸ்காவின் ஐல்சன் தளத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஓர் எஃப்-35ஏ, அதாவது அதே குடும்பத்தில் செங்குத்தாக இறங்காத சாதாரண ரகம், கிளம்பியதும் அதன் முன்சக்கரம் கோணலாகச் சிக்கிக்கொண்டது. சக்கர அமைப்பிலுள்ள ஹைட்ராலிக் திரவத்தில் தண்ணீர் கலந்து உறைந்திருந்தது. பின்னால் சோதித்தபோது திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். விமானி அவசரப்படவில்லை. பறந்தபடியே, விமானத்தைச் செய்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனப் பொறியாளர்களோடு ஏறக்குறைய 50 நிமிடம் போனில் ஆலோசித்தார். சக்கரத்தை நேராக்க, ஓடுபாதையைத் தொட்டு ஏறிப் பார்த்தார். சரியாகவில்லை. இரண்டாம் முறை தொட்டு ஏறியதும் பின்சக்கரங்களிலும் பனி உறைந்துபோக, விமானம் தரையில் நிற்பதாக அதன் கணினி முடிவுகட்டித் தரைக்கான கட்டுப்பாட்டு முறைக்கு மாறியது. விமானம் கட்டுக்கடங்காமல் போனது. விமானி வெளியேறிப் பிழைத்தார்; விமானம் ஓடுபாதை அருகே விழுந்து எரிந்தது. அங்கே விசாரணைக் குழு சொன்னது இது: குளிர்காலத்தில் இந்தச் சக்கர உணரிகள் ஏமாற்றும் என்ற முந்தைய ஆண்டு எச்சரிக்கையை ஆலோசனையில் இருந்தவர்கள் எடுத்துப் பார்த்திருந்தால், இரண்டாம் முயற்சிக்குப் பதிலாக நேரடியாக இறங்கி நிறுத்தவோ, திட்டமிட்டு முன்கூட்டியே வெளியேறவோதான் சொல்லியிருப்பார்கள்.